சவுதார் குளமும் தண்டிக் கடற்கரையும்

விடுதலைப் போராட்டப் பாடத்தை வகுப்பில் நடத்தும்பொழுது, 1930ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து புறப்பட்டதையும், ஏப்ரல் 6ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்ததையும் மாணவர்கள் தடையின்றி ஒப்பிப்பார்கள். அவர்களுள் நம் தெருப் பிள்ளை ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தப் போராட்டத்தில் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பாடநூலின் அந்தப் பக்கத்தில் அதற்கு விடை இல்லை. நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவ்விடையை எழுதி வைப்பது பொருத்தமென்று கருதுகிறோம்.

தண்டிக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, கையில் ஆயுதமின்றி, சட்டத்தை மீறாமல், நம் மக்கள் பல்லாயிரவர் கூடி ஓர் அறப்போர் நடத்தினர். அவர்கள் கேட்டது உப்பன்று, தண்ணீர்.

முதலில் நம் பகுதியின் நிலையைச் சொல்லிவிடுவோம். பொதட்டூர்பேட்டையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் அக்காலத்தில் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. எல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி வட்டாரம் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நம் மாநிலத்தோடு சேர்ந்தது பின்னர் நிகழ்ந்தது. ஆகவே, சென்னைச் சட்டமன்றம் செய்த தீர்மானங்கள் நம் ஊர்க் கிணற்றுக்கும் நம் ஊர் வீதிக்கும் உரியவையாகவே இருந்தன. 1924ஆம் ஆண்டில் அம்மன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம் அத்தகையது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் எவ்வகுப்பாரையும் தடுத்தலாகாது என்பது அதன் கருத்து. அது நிறைவேறி அரசாணையும் ஆயிற்று. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923ஆம் ஆண்டிலேயே எஸ்.கே. போலே என்பவர் இத்தகைய தீர்மானமொன்றை நிறைவேற்றியிருந்தார்.

ஆணை காகிதத்தில் இருந்தது. குடம் கிணற்றுக்குப் போகவில்லை. இதனை நம் முதியோர்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்திலிருந்த உரிமையை நீரில் கைவைத்து எடுத்துக்கொள்ளத் துணிந்த ஊர், பம்பாய் மாகாணத்துக் கொலாபா மாவட்டத்திலுள்ள மகாடு. அவ்வூர் நகராட்சி, போலே தீர்மானத்தை ஏற்றுச் சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்தது. ஆயினும் மூன்றாண்டுகள் நம்மவர் ஒருவரும் அதில் இறங்க முடியவில்லை. 1927ஆம் ஆண்டு மார்ச்சு 19, 20 ஆகிய நாள்களில் அங்கு மாநாடு கூட்டினார் அண்ணல் அம்பேத்கர். இரண்டாம் நாள் மாநாட்டினர் வரிசை வரிசையாக ஊர்வழியே அமைதியாக நடந்து குளத்தை அடைந்தனர். அண்ணல் முதலில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். பின்னர் மற்றவர்களும் பருகினர்.

நடந்தது அவ்வளவே. சிறிது நேரத்திற்குள், இவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் புகப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிய வதந்தி ஊரெங்கும் பரவிற்று. தடிகளோடு வந்த கூட்டம் மாநாட்டுப் பந்தலில் புகுந்தது, உண்டுகொண்டிருந்தவர்களை அடித்தது, சோற்றை மண்ணில் கொட்டியது. அண்ணல் தங்கியிருந்த மாளிகையில் அவருடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர்கள் பலர். அவர்களுள் படையில் பணியாற்றித் திரும்பிய வீரர்களும் உண்டு. திருப்பியடிக்க அறியாதவர்கள் அல்லர். அண்ணல் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பொறுமை காக்கச் செய்தார். அடித்தவர்களுள் சிலர் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். குளத்தையோ, நூற்றெட்டுக் குடம் பஞ்சகவ்வியத்தை ஊற்றி, மந்திரம் ஓதித் 'தூய்மை' செய்தார்கள். அதே குளத்தில் ஆடுமாடுகள் நீர் குடித்தபொழுது அதற்குத் தீட்டு நேரவில்லை போலும்!

இளைஞர்களே, இவ்விடத்தில் சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். உப்பு அறப்போரில் தொண்டர்கள் அரசின் சட்டத்தை வேண்டுமென்றே மீறினர், சிறை சென்றனர், திரும்பியபொழுது ஊர் மாலையிட்டு வரவேற்றது. நம் தமிழகத்தில் 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து இராசாசி தலைமையில் வேதாரணியம் நோக்கிப் புறப்பட்ட தொண்டர்களுக்கு எவரும் உணவோ உறைவிடமோ தரக்கூடாதென்று தஞ்சை ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார். மக்களோ மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களை மறைத்துக் கட்டிவைத்து அவர்களைக் காத்தனர். அத்தொண்டர்களின் தியாகத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை; குறைத்துச் சொல்வது நன்றியுமன்று. ஆனால், மகாட்டிலே நம்மவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டம் கொடுத்ததையே எடுத்துக்கொண்டனர். அவர்களுடைய சோறு மண்ணில் கொட்டப்பட்டது. எதிரே நின்றவர் கப்பலேறி வந்த அந்நியர் அல்லர், அடுத்த தெருவினர். ஊர் திரும்பியவர்களை அங்கும் அடி காத்திருந்தது. அறவழி இவ்விரண்டில் எங்கே கடினமாக இருந்தது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நிற்க. அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் மகாட்டில் மீண்டும் மாநாடு கூடிற்று. இடம் கொடுக்க ஊரார் மறுத்துவிட, பத்தேகான் என்னும் இசுலாமியப் பெருமகனார் தம் நிலத்தைத் தந்தார். பந்தலில் இருந்த படம் காந்தியடிகளின் படம் ஒன்றே. பிற்காலக் கருத்து வேறுபாடுகளை மட்டும் படித்தவர்கள் இதனை நம்பத் தயங்குவர். அன்றிரவு மனுநூல் எரிக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகசுரபுத்தே என்ற பிராமணர். அந்நியத் துணியை எரித்ததற்கு என்ன பொருளோ அதுவே இதற்கும் பொருள் என்று அண்ணல் பிற்காலத்தில் விளக்கினார்.

குளத்தில் இறங்கும் திட்டம் என்னவாயிற்று? மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, குளம் தனியார் உடைமை என்று சிலர் வழக்குத் தொடுத்து நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றிருந்தனர். கூடியிருந்தவர்களோ சிறைக்குச் செல்லவும் ஆயத்தமாக இருந்தனர். வழக்கு முடியட்டும் என்று அண்ணல் அவர்களை வேண்டினார். அவர்கள் ஊர்வலமாகச் சென்று, நீரைத் தொடாமல் திரும்பினர். நீரைத் தொட்டதைக் காட்டிலும், தொடாமல் திரும்பியதே அரிய செயல் என்பது நம் கருத்து. அதற்குச் சினத்தை அடக்கும் பயிற்சி வேண்டும்.

அடுத்த களம் நாசிக் நகரத்துக் காலாராமர் கோயில். 1930ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், அதாவது காந்தியடிகள் தண்டிக்குப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு, நம்மவர்கள் அக்கோயில் வாயில்களில் அமர்ந்தனர். ஏப்ரலில் இராமநவமித் தேர்விழாவின்பொழுது கல்லெறியும் பட்டனர். தாதாசாகேப் கெய்க்வாட் முன்னின்று நடத்திய அப்போராட்டம் 1935 வரை நீடித்தும் கதவு திறக்கவில்லை. ஒரே மாகாணத்தில், ஒரே மாதத்தில் தொடங்கிய இரண்டு அறப்போர்களுள் ஒன்றை உலகமே அறிந்தது. மற்றொன்றை நாம்தான் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது.

1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தைப் பற்றி விரிவாக எழுத இங்கு இடமில்லை. தனித்தொகுதி முறையை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். செப்டம்பர் 24ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நம் மாகாணத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. இராசாவும் ஒப்பமிட்டவர்களுள் இருந்தனர். மாகாணச் சட்டமன்றங்களில் நமக்குரிய இடங்கள் 71இலிருந்து 148 ஆயின, சென்னைக்கு 30. எண்ணிக்கை கூடிற்று, நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. ஒருவர் உயிரைப் பணயம் வைக்கும்பொழுது எதிரில் இருப்பவரால் மறுத்துப் பேச முடிவதில்லை. அதனால் அந்நோன்பை மகாட்டு அறப்போரோடு ஒரே தட்டில் வைக்க நம் மனம் ஒப்பவில்லை. எம்.சி. இராசா அவர்கள் ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. பொது இடங்களில் நம்மவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1938இல் சென்னையில் வந்தது அவருடைய முயற்சியாலே.

மகாட்டு வழக்கு கீழ்மன்றங்களைக் கடந்து பம்பாய் உயர்நீதிமன்றத்தை அடைந்தது. நம்மவரை விலக்கிவைக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இருந்ததாக எதிர்த்தரப்பார் மெய்ப்பிக்கவில்லை என்று கூறி, 1937ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் மன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவர் புரூம்பீல்டு. 1922ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தவரும் அவரே. அண்ணல் சவுதார் குளத்தில் முதன்முதல் நீரள்ளிய நாளுக்கும் அந்நீர் நமக்கும் உரியது என்று மன்றம் தீர்த்த நாளுக்கும் இடையே, மூன்று நாள் குறையப் பத்து ஆண்டுகள் சென்றிருந்தன.