முக்கூற்றனுமானமும் அதன் விதிகளும்

யவன நாட்டுப் பேராசிரியராகிய அரிஸ்டாட்டில் (கி. மு. 384–322) இயற்றிய 'முந்து பகுப்பியல்' என்னும் நூலே, மேனாட்டில் அனுமானத்தின் உருவினைப் பொருளினின்றும் பிரித்து முறைப்பட ஆராய்ந்த முதனூலாம். 'மக்களெல்லாம் இறப்பவர், அரசரெல்லாம் மக்கள், ஆகலின் அரசரெல்லாம் இறப்பவர்' என்புழி, இரு கூற்றினும் நின்று முடிபின்கண் ஒழிந்த 'மக்கள்' என்பது நடுப்பதம் எனப்படும். ஏனையிரண்டையும் இயைப்பது அதுவே.

கூற்றுக்கள் முழுவுடன்பாடு, முழுமறை, சிலவுடன்பாடு, சிலமறை என நால்வகைய. அவை மூன்றாய்க் கூடுங்கால் அறுபத்துநான்கு வகையாம். நடுப்பதம் நிற்கும் நிலை நான்காதலின், அவை 256 ஆக விரியும். இவற்றுள் அரிஸ்டாட்டில் மூன்று நிலைகளையே எடுத்துக்கொண்டு, 14 வகைகளை மெய்யென நிறுவினார். பின்வந்தோர் நான்காம் நிலையையும், முழுக்கூற்றாய் முடிதற்குரியவற்றைச் சிலவாகக் குறைத்து முடிக்கும் வகைகளையுங் கூட்டி 24 என்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இலத்தீன் ஆசிரியர் 'பார்பரா', 'செலாரன்ட்' முதலிய குறியீட்டுப் பெயர்களால் இவற்றை மாணவர்க்கு நெட்டுருவாக்கினர்.

மெய்யனுமானத்தைப் போலியினின்றும் பிரிக்கும் விதிகள் நான்கு. முழுக்கூற்றின் எழுவாயும், மறைக்கூற்றின் பயனிலையும் தம் பொருள் முழுதுந் தழுவுவனவாம். நடுப்பதம் ஒருகாலேனும் அங்ஙனந் தழுவி நிற்றல் வேண்டும் என்பது முதல் விதி. 'குதிரையெல்லாம் நாற்காலின, பசுவெல்லாம் நாற்காலின' என்பதுகொண்டு பசுவைக் குதிரையென்றல் இவ்விதி வழுவியதாம். முற்கூற்றில் முழுதுந் தழுவாத பதம் முடிபில் முழுதுந் தழுவலாகாது என்பது இரண்டாவது. 'குதிரையெல்லாம் விலங்கு, பசுவொன்றுங் குதிரையன்று, ஆகலின் பசுவொன்றும் விலங்கன்று' என்பது இதற்கு வழு. இரண்டு மறைகளினின்றும் முடிபு பிறவாது என்பது மூன்றாவது. முற்கூற்றுக்களில் ஒன்று மறையாயின் முடிபும் மறையாம், இரண்டும் உடன்பாடாயின் முடிபும் உடன்பாடேயாம் என்பது நான்காவது.

இந்நான்கும் அமைந்த வகைகள் 24 ஆம். எனினும், 'ஆகாயத்தாமரையெல்லாந் தாமரை; ஆகாயத்தாமரையெல்லாம் ஆகாயத்திற் பூப்பன; ஆகலின் சில தாமரை ஆகாயத்திற் பூப்பன' என்பது இவற்றுள் ஒருவிதியும் வழுவாதிருந்தே பொய்யை நிலைநாட்டுகின்றது. யாங்ஙனமெனின், 'எல்லாம்' என்பது பொருள் உண்டென்று கூறாது, வேறாதலை விலக்கும் அளவே நிற்ப, 'சில' என்பதோ பொருளுண்மையைச் சாதித்தலான் என்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வென் முதலியோர் இவ்வாறு கொண்டமையின், இருமுழுக்கூற்றினின்றுஞ் சிலக்கூற்று முடிபாகாதென்னும் ஐந்தாம் விதி எழுந்தது. அதனால் ஒன்பது நீங்கிப் பதினைந்தே எஞ்சின. நீங்கியவற்றுள் இரண்டு, அரிஸ்டாட்டில் தாமே நிறுவியன.

இவ்வாகாயத்தாமரை நம்மவர்க்குப் புதிதன்று. அன்னம்பட்டரது தருக்கசங்கிரகம், ஆகாயத்தாமரை மணமுடைத்தென்று சாதிக்கப் புகுதலை ஆச்சிரயாசித்தம் என்னும் ஏதுப்போலியாக எடுத்துக்காட்டும். அந்நூலைப் பதினெட்டாம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் தமிழ்ப்படுத்தருளினர். ஆண்டு இல்பொருளாவது பக்கம். மேற்காட்டியதில் இல்பொருளாவது நடுப்பதம். இவ்வேறுபாடு மறக்கற்பாலதன்று. ஆயினும், இல்பொருளைப் பற்றுக்கோடாக வைத்து உள்பொருளைச் சாதித்தல் கூடாதென்னுங் கருத்து இரண்டற்கும் பொதுவேயாம். சொல்லின் அமைதி ஒன்றே பொருளின் உண்மைக்குச் சான்றாகாதென்பது இவ்விரு வழக்கானும் பெறப்படும்.