இணையவழி ஆசிரியர் கற்றல் வலையமைப்பு (அந்தமான் நிக்கோபார்)

புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர் பிற ஆசிரியர்களுடன் இணையம் வழியே தொடர்பு கொண்டு, பாடத்திட்டம், வினாத்தாள், வகுப்பறை அனுபவம் ஆகியவற்றைப் பகிர்ந்து தொழில் கற்கும் ஏற்பாடு. கப்பலை நம்பிய தீவுகளில் பயிற்சிக்கென ஊர் கடந்து போவது எளிதன்று. ஆகவே பெருநிலத்தைவிட இங்குதான் இதன் தேவை மிகுதி.

நெடுங்காலம் இத்தீவுகளின் இணையத்துக்குச் செயற்கைக்கோள் இணைப்பே துணை. வேகம் குறைவு, கட்டணம் அதிகம். 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட, சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் நிலைமையை மாற்றியது. போர்ட் பிளேயர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தவிர, ரங்கத், லாங் ஐலண்ட், ஹேவ்லாக், சிற்றந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றையும் அது இணைக்கிறது. வடம் கரையேறாத சிறு தீவுகளின் கதை வேறு.

2020 அக்டோபரில், நிஷ்தா என்னும் மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சி, 2017இல் தொடங்கிய தீக்‌ஷா என்னும் அரசின் மின்கற்றல் தளம் வழியே 18 பகுதிகளாக இணையத்துக்கு வந்தது. ஆனால் அது மேலிருந்து வரும் பாடம். வலையமைப்பு என்பது ஆசிரியர்களே கேட்டும் கொடுத்தும் வளர்ப்பது. வாட்ஸ்அப் குழு ஒன்றே அதற்குப் போதும். இந்தி, ஆங்கிலம், வங்கம், தமிழ், தெலுங்கு எனப் பயிற்றுமொழிகள் பிரியும் இத்தீவுகளில், தமிழ்வழி ஆசிரியருக்கு ஒத்த துணை பெரும்பாலும் தமிழ்நாட்டில்தான் கிடைக்கும். 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகும் கியூஆர் குறியீடுகள் தீக்‌ஷாவின் தமிழ்ப் பாடப்பொருளுக்கு நேர்வழி.