மதராஸ் ஹெரால்டும் நம் கரிசல் காடும்

ஹெரால்டு கார் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் பானெட்தான். மற்றக் கார்களில் பானெட் என்பது இஞ்சினுக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். ஹெரால்டில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே அப்படியே முன்னால் கவிழும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு இஞ்சின் வேலை பார்க்கலாம். அதை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நிற்கும்.

நாம் படித்த காலத்தில் இந்த நாட்டில் புதுக் கார் வாங்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் மூன்றே வழி: கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் பியட், மதராஸ் ஹெரால்டு. மூன்றுமே வெளிநாட்டில் உருவம் பெற்று இங்கே வந்து குடியேறியவை. இவற்றில் நம் தமிழ்நாட்டில் செய்யப்பட்டது ஹெரால்டு ஒன்றுதான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. நம் செட் நண்பர் ஒருவரின் குடும்ப வண்டியை அண்மையில் சில ஆண்டுகள் பாடுபட்டு ஓட வைத்த குழுவில் நானும் இருந்தேன். அந்த வேலையில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை இந்த மலரில் பதிவு செய்வது அவசியம் என்று தோன்றுகிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் 1903-ல் தொடங்கப்பட்ட கம்பெனி ஸ்டாண்டர்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ட்ரையம்ப் என்ற கம்பெனியையும் அது வாங்கிக்கொண்டது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மதராஸில் அதன் கூட்டோடு உருவானதே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆப் இந்தியா. வண்டலூர் பக்கம், பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலை ஓரம் தொழிற்சாலை. தொடக்கத்தில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென் என்று வண்டிகள் வந்தன. பாகங்கள் கப்பலில் பெட்டி பெட்டியாக வரும், இங்கே பூட்டுவார்கள்.

1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இனி இடம், வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இல்லை என்றது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. மதராஸ் ஸ்டாண்டர்டு நிலைத்தது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்ற கட்டாயமும் கூடவே வந்தது.

இந்தச் சமயத்தில் கோவென்ட்ரியில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் ஜொவானி மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். அதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்துப் புதுக் கார்கள் பலவும் அடிச்சட்டம் தனியாக இல்லாமல் ஒரே கூடாக வரத் தொடங்கிவிட்டன. ஹெரால்டுக்கு மட்டும் பழைய பாணியில் சேஸிஸ் தனி, பாடி தனி. காரணம் ஒரு வியாபாரச் சிக்கல். ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூட்டைச் செய்து கொடுக்க ஆள் இல்லை. ஆகவே பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி அமைத்தார்கள். கூரை தனி, முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி.

கோவென்ட்ரிக்கு நேர்ந்த அந்தச் சங்கடம் மதராஸுக்கு வரமாக வந்து வாய்த்தது. துண்டு துண்டாகச் சேர்க்கிற வண்டியைக் கடல் கடந்து கொண்டுவந்து பூட்டுவது எளிது. ஒவ்வொரு துண்டாக உள்ளூரில் செய்யப் பழகுவதும் எளிது. 1961-ல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 1960களின் நடுவிலேயே ஏறக்குறைய முழு வண்டியும் இந்தியப் பாகங்களால் ஆனது. இங்கிலாந்தில் ஹெரால்டின் இஞ்சின் 1147, பிறகு 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போனது. நம் வண்டியோ கடைசிவரை பழைய 948 சி.சி. இஞ்சினோடு குடும்பம் நடத்தியது.

அடுத்து மதராஸ்காரர்கள் செய்ததுதான் முக்கியம். இங்கிலாந்தில் ஹெரால்டு சலூன், கூப்பே, கன்வர்டிபிள், எஸ்டேட் எனப் பல வடிவங்களில் வந்தது. எல்லாவற்றிலும் பக்கத்துக்கு ஒரே கதவு. நம் ஊரில் அது சரிப்படுமா? அப்பத்தா, பெரியம்மா, மடியில் ஒரு பிள்ளை, கையில் ஒரு தூக்குவாளி. முன் சீட்டை மடக்கிப் பின்னால் நுழைந்துகொள் என்றால் நடக்கிற காரியமா? ஆகவே 1960களின் இரண்டாம் பாதியில் மதராஸில் நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். கோவென்ட்ரி செய்யாத ஹெரால்டு அது. பிறகு 1970களின் தொடக்கத்தில் கெஸல் வந்தது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடக்கூடியவை. குறுக்கே ஒரே கமான் பட்டை. ஆள் நிறைய ஏறினால் கால் பரப்பி நிற்கும்; இறங்கிவிட்டால் முட்டியை ஒடுக்கிக்கொள்ளும். இது நம் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. கெஸலில் அதை எடுத்துவிட்டு, லாரியில் இருப்பதுபோல் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை அச்சு போட்டார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு 1971-ல் நின்றுபோனது. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் இங்கே 1977 வாக்கில்வரை உலை கொதித்தது. நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று எம்.ஜி.ஆர். முதலமைச்சரான ஆண்டும் அதுவே.

இனி நம் ஊர் வண்டிக்கு வருகிறேன். நண்பரின் தகப்பனார் பஞ்சு வியாபாரி. வாங்கியது நான்கு கதவு ஹெரால்டு, 1969. அப்போது நம் பகுதி இராமநாதபுரம் மாவட்டம். 1985-ல்தான் நாம் தனி மாவட்டமானோம். திருச்சுழி, நரிக்குடி என்று கமிஷன் கடை வேலையாக அலைந்த வண்டி. நெசவாளர் தெருக்களில் காலையில் பாவு ஓடிக்கொண்டிருக்கும். வண்டி அதைத் தாண்ட முடியாது. அம்பாசடர் என்றால் தெரு முனைவரை பின்னாலேயே போக வேண்டும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அதற்காகவே அவருக்கு அந்த வண்டியின் மேல் உயிர். பாகங்கள் கிடைக்காமல் 1980களின் பிற்பகுதியில் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில், குண்டாற்றிலிருந்து கொஞ்ச தூரத்தில், தகரக் கொட்டகையில் நிறுத்தியது. முப்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே நின்றது. சுற்றிலும் சீமைக் கருவேலம் முளைத்துவிட்டது; அதை வெட்டித்தான் வண்டியை வெளியே எடுத்தோம்.

தூக்கிப் பார்த்த டிங்கர் சொன்ன முதல் வார்த்தை: "சார், இரும்பு அப்படியே இருக்கு." எங்களுக்கே நம்ப முடியவில்லை. காரணம் நம் மண்தான். இங்கிலாந்தில் பழைய ஹெரால்டுகளைக் கொல்வது துரு. அங்கே குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு சேஸிஸை அரித்துத் தின்றுவிடும். நம் பக்கம் மழைதான் இல்லையே! காலமெல்லாம் நாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிற இந்த வறட்சி, அந்த இரும்பைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஆனால் இரும்பை விட்ட வெயில் ரப்பரை விடவில்லை. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பர், கண்ணாடி பீடிங், புஷ் எல்லாம் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. ஒயரை எலி தின்றிருந்தது. நம் ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரிலும் இஞ்சின் பிளாக்கிலும் கல் கட்டிப் போயிருந்தது. அதைக் கரைத்துக் கழுவி எடுப்பதற்கே பல வாரம் ஆயிற்று.

பாடியைக் கழற்றுவது மட்டும் சுலபமாக முடிந்தது. போல்ட்டுகளை விடுவித்ததும் கூரையும் பின்பக்கமும் தனித்தனியே வந்துவிட்டன. ஒருகாலத்தில் தொழிற்சாலையில் ஒருவர் முடுக்கிய போல்ட்டை நாம் திருகுகிறோம் என்ற எண்ணம் ஒவ்வொரு தடவையும் வந்தது.

கதையின் முடிச்சு இதற்குப் பிறகுதான்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற டிரன்னியன் என்று ஒரு வெண்கலப் பாகம் உண்டு. சக்கரம் திரும்புவதே அதன் மரையில்தான். அதற்கு எண்ணெய்தான் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. உலர்ந்து அரித்துவிட்டால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் இடது பக்கம் இருந்தது கம்பெனிப் பாகம் அல்ல. யாரோ ஓர் உள்ளூர் லேத்காரர் கடைந்து போட்டது. கையால் செய்தது என்று பார்த்தால் தெரியாது, அவ்வளவு நேர்த்தி. ஆனால் மரை தேய்ந்திருந்தது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பிடிவாதம் கூடாது என்று, இங்கிலாந்திலிருந்து புதிதாக ஒரு ஜோடி வரவழைத்தோம். ஆம், இன்றும் கிடைக்கிறது! அங்கே பழைய ட்ரையம்ப் வண்டிகளுக்கென்றே சங்கங்கள் உண்டு, பாகம் செய்து விற்கிற கடைகளும் உண்டு. காசைக் கட்டினால் வீட்டுக்கு வந்து சேரும்.

அடுத்தது பின் கதவு. அதற்கு பீடிங் வேண்டும், கண்ணாடி வேண்டும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் சாமான் வேண்டும். இங்கிலாந்து விலைப்பட்டியலில் அப்படி ஒரு பொருளே இல்லை. எப்படி இருக்கும்? அவர்கள் அந்தக் கதவைச் செய்ததே இல்லையே! முன் கதவும் அப்படித்தான். பின்னால் இன்னொரு கதவுக்கு இடம் விட வேண்டியிருந்ததால் நம் முன் கதவு அவர்களுடையதைவிடக் குட்டை. சென்னை புதுப்பேட்டையில் தேடினோம், காயலாங்கடைகளில் தேடினோம். கடையில் இருந்த பெரியவர் ஒருவர், "அதெல்லாம் உருக்கிப் பல வருசம் ஆச்சு தம்பி" என்றார். எனக்கு வயது எழுபதுக்கு மேல். தம்பி என்றது மட்டும்தான் ஆறுதல்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கோவென்ட்ரியில் பிறந்த பாதிக்கு இன்றும் பாகம் கிடைக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது. நம் மதராஸில் பிறந்த பாதிக்கு உலகத்தில் எங்குமே பாகம் கிடையாது. அதைக் காப்பாற்ற நம்மை விட்டால் வேறு நாதி இல்லை.

இந்த இடத்தில் குழுவுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. நண்பரின் மகன் வெளிநாட்டிலிருந்து போனில், "இங்கிலாந்து இரண்டு கதவுப் பாடியையே வாங்கிரலாம், ட்ரையம்ப் எழுத்தையும் வெச்சுரலாம், மதிப்புக் கூடும்" என்றார். மெக்கானிக்கோ, "மாருதி இஞ்சினைத் தூக்கி வெச்சுருவோம் சார், தொந்தரவே இருக்காது" என்றார். இரண்டுமே நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைகள்தான். ஆனால் ஒன்று வண்டியை இங்கிலாந்துக்குத் தத்துக் கொடுக்கிறது. மற்றொன்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை மாற்றுகிறது.

சட்டமும் ஒரு வழி காட்டியது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிந்தால் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். முன்பே பதிவு உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். முக்கிய நிபந்தனை, வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. அசல் என்றால் எது? எங்கள் வண்டிக்கு அசல் மதராஸ்தான். நான்கு கதவு, 948 சி.சி., ஸ்டாண்டர்டு என்ற பெயர். நண்பர் அதைச் சொன்னதும் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிப்பா, தாத்தா வாங்கினது எதுவோ அதுவே இருக்கட்டும்" என்றார்.

ஆகவே கதவுச் சாமான்களை இங்கேயே செய்தோம். பழைய பீடிங்கின் ஒரு துண்டை மாதிரியாகக் கொடுத்து ரப்பர் வார்த்தோம். கண்ணாடிக்கு அட்டையில் அளவெடுத்தோம். ஏற்றி இறக்கும் பல்சக்கரத்தை லேத் பட்டறையில் வெட்டினோம். கழற்றிய உள்ளூர் டிரன்னியனை எறியவில்லை. தேதி எழுதி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம். அதுவும் அந்த வண்டியின் சரித்திரம்தானே.

மதராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் ரோவர் காரின் உருவத்தில் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை விட்டுப் பார்த்தது. உருவம் புதுசு, இஞ்சின் பழசு, விலையும் அதிகம். வண்டி எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. 2006-ல் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தபோது, மிச்சமிருந்த ரோவர் பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற கடைக்காரர்கள் வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். நாம் வேண்டாமென்று விட்டதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த மலரைப் படிக்கிற நம் பழைய மாணவர்களில் அந்தத் தொழிற்சாலையிலும், அதற்குப் பாகம் செய்து கொடுத்த பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்கள் இருக்கலாம். அவர்களின் பிள்ளைகள் இருக்கலாம். பரணில் ஒரு பழைய வரைபடம், பாகப் பட்டியல் புத்தகம், பில், குரூப் போட்டோ எது இருந்தாலும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கதவின் அளவு தெரியாமல் நாங்கள் ஐந்து மாதம் அலைந்தோம். அந்த அளவு யாரோ ஒருவர் வீட்டுக் காகிதத்தில் இருந்திருக்கும். இப்போது எங்கள் அட்டை மாதிரிகள் நான்கும் பத்திரமாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் எந்த நான்கு கதவு ஹெரால்டுக்குத் தேவைப்பட்டாலும் வந்து அளவெடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.