தலைப்பாகையில் ஒரு துண்டுத் தோல்

மேல்நாடுகளில் ஒரு விந்தையான பொழுதுபோக்கு உண்டு. பழைய யுத்தங்களை, அந்தக் காலத்து உடுப்பை மாட்டிக்கொண்டு, மறுபடி நடித்துப் பார்ப்பார்கள். வாட்டர்லூ போரின் 200-ஆவது ஆண்டான 2015-இல் ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரண்டார்கள். பொத்தான் எந்த உலோகம், வாருக்கு எந்தத் தோல், கைத்தையலா, இயந்திரத் தையலா என்று அவர்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"ஒரு துண்டுத் தோலுக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்று நீங்கள் சிரிக்கலாம். சரித்திரக் கதைக்காக வேலூர்க் கோட்டையின் வரலாற்றைப் புரட்டியிருக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1805-06-இல் சென்னைப் படையின் தளபதி சர் ஜான் கிராடக் புதிய உடுப்பு விதிகளைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும். அது பசுத்தோலோ, பன்றித்தோலோ என்று சிப்பாய்கள் கலங்கினார்கள். மறுத்தவர்களில் இருவருக்கு, ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும், ஆளுக்கு 900 கசையடி!

1806 ஜூலை 10, விடிவதற்குள் கோட்டை வெடித்தது. உள்ளே சிறையிருந்த திப்புவின் மக்களும் கிளர்ச்சிக்கு ஒரு காரணந்தான். ஆற்காட்டிலிருந்து பாய்ந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அதை இரத்தத்தில் அடக்கியது. அப்புறம் உத்தரவு வாபஸாயிற்று. 1807-இல் கிராடக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

நாளை யாரேனும் அந்தப் போரை நடிக்க விரும்பினால் தோலுக்கு அலைய வேண்டாம். பாலாற்றங்கரையில் ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. ஆனால் நடிப்பவர் தலைப்பாகையை விரும்பி அணிகிறார். மாலையில் கழற்றி வைத்துவிடுகிறார். கழற்றக் கூடாது என்ற கட்டளையை எந்தக் கடையில் வாங்குவது?