இளையாத்தங்குடியும் டயரும்

சிவகங்கை மாவட்டத்து இளையாத்தங்குடி, நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் ஒன்று அமைந்த ஊர். கைலாசநாதர், நித்யகல்யாணி கோவிலுக்கு இன்று காரிலும் பைக்கிலும் மக்கள் வருகிறார்கள். அந்த வண்டிகளின் டயருக்கும் நகரத்தார் சமூகத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அது மலேயாவில் தொடங்குகிறது.

கடல் கடந்த ரப்பர்

காற்றடைத்த டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காப்புரிமை பெற்றார். கார்கள் பெருகியதும் ரப்பர் தேவையும் பெருகியது. பிரேசில் விதையிலிருந்து வந்த ரப்பர் மரம் மலேயா முழுக்கத் தோட்டங்களாக வளர்ந்தது. அங்கே வட்டித் தொழில் செய்த நகரத்தார், தோட்டங்களை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. கடனை அடைக்க முடியாதவர்களின் தோட்டங்கள் பல நகரத்தார் கைக்கே வந்தன.

போரும் தட்டுப்பாடும்

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அமெரிக்கா தனக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் சுமார் 90 சதவீதத்தை இழந்தது. இந்தியாவிலும் டயருக்குக் கட்டுப்பாடு வந்தது. புது டயர் கிடைக்காத காலத்தில் நூல் தெரியும்வரை ஓட்டுவதுதான் சிக்கனம். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிலும் வளர்ந்தது. சென்னை திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952-இல் இறங்கியது இந்த ரீட்ரெடிங் ரப்பர் தயாரிப்பில்தான். டயர் தயாரிப்பு அதற்குப் பிறகே வந்தது.

எப்போது மாற்றுவது?

அந்தத் தட்டுப்பாடு போய்விட்டது. மொட்டை டயரில் ஓட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. டயரின் பள்ளங்கள் மழைநீரை வெளியே தள்ளுவதற்காக உள்ளவை. பள்ளம் தேய்ந்தால் வண்டி தண்ணீரின் மேல் மிதக்கும், பிரேக் பிடிக்காது. இந்திய விதிப்படி பள்ளத்தின் ஆழம் காருக்கு 1.6 மி.மீ., இருசக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. ஆவது இருக்க வேண்டும். கார் டயரின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்ற வேண்டியதுதான். பக்கவாட்டில் வீக்கம் தெரிந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் அந்த டயர் ஆகாது.

எதை வாங்குவது?

185/65 R15 88H என்று இருந்தால், அகலம் 185 மி.மீ., உயரம் அதில் 65 சதவீதம், R என்பது ரேடியல், ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், H என்பது மணிக்கு 210 கி.மீ. வேக வரம்பையும் குறிக்கும். வண்டிக் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவையே வாங்க வேண்டும். தயாரிப்புத் தேதியையும் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வெயிலில் வெடிக்கும்.

அன்று ரப்பர் கிடைக்காததால் தேய்ந்த டயரில் ஓட்டினார்கள். இன்று டயர் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அடுத்த மழைக்கு முன் ஒருமுறை குனிந்து டயரைப் பார்த்துவிடுங்கள்.