கூட்டுறவு இல்லங்களின் வரலாறும் நம் கடமையும்

பிழைப்பு நாடிப் பிறந்த ஊர் நீங்கியோர்க்கு முதற்கவலை வேலை. இரண்டாவது கவலை வீடு. பம்பாய் மாநகரில் இவ்விரண்டாவது கவலையைப் பெரிதும் தீர்த்தது கூட்டுறவு. நம் காலனிகளில் பழைய இல்லத்தை வாங்கிப் புதுக்க விழையும் இளைஞர் பலர் இருத்தலின், அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1896-இல் பரவிய பிளேக் நோயின் விளைவாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றிற்று. அது வகுத்த தாதர்-மாதுங்கா திட்டத்தில் எழுந்த இல்லங்களிலேயே நம்மவர் திரளாகக் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் கண்டதும் மாதுங்காவிலேதான்.

வீட்டுக் கூட்டுறவுக்கு வழிகாட்டியோர் சாரஸ்வதர்கள். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே ஏற்றது; 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பிறவகைச் சங்கங்களுக்கும் இடமளித்தது. 1915-இல் தல்மகி அவர்களின் முயற்சியால் காம்தேவியில் சாரஸ்வத வீட்டுச் சங்கம் பதிவாயிற்று. கட்டடம் சங்கத்தின் உடைமை. உறுப்பினர்க்குப் பங்கும் குடியிருப்புரிமையும் உண்டு. தனியொருவரால் இயலாததைப் பலர் கூடி முடித்தனர்.

1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது; ஆயினும் வாடகை உயராமையால் உரிமையாளர் பலர் பழுது பார்ப்பதைக் கைவிட்டனர். வாடகைக்கு வீடு கட்டுவோரும் அருகினர். சொந்த பிளாட் முறை பரவியது. 1963-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம், கட்டியவர் சங்கம் அமைத்து மனையுரிமையை மாற்றித்தர வேண்டுமென விதித்தது. பலர் தரவில்லை, அதற்கு மாற்றாக 2008-இல் அரசு அதிகாரி வழியே உரிமை பெறும் ஏற்பாடு வந்தது.

பணத்துக்கு வழி? மயிலாப்பூரில் 1872-லேயே நிதி கண்டவர் நம் முன்னோர். எனினும் பம்பாயில் மாதச் சம்பளக்காரர் நெடுங்காலம் சேமநிதியையும் நகையடகையுமே நம்பினர். 1977-இல் ஹஸ்முக் பாரேக் நிறுவிய எச்.டி.எப்.சி., நீண்ட தவணைக் கடனை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டச் செய்தது. 2023-இல் அந்நிறுவனம் தன் பெயர் தாங்கிய வங்கியோடு இணைந்தது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். வாங்குவதற்குக் கடன் கிடைக்கலாம்; கட்டடத்தைச் செப்பனிடப் பணம் எங்கே? வீட்டின் உட்புறம் உறுப்பினர் பொறுப்பு. வெளிச்சுவரும் மேற்றளமும் சங்கத்தின் பொறுப்பு. மாதிரித் துணைவிதிகளின்படி ஆண்டுதோறும் கட்டுமானச் செலவில் 0.25 விழுக்காடு ‘சிங்கிங் பண்ட்’ எனும் ஒதுக்கு நிதிக்கும், 0.75 விழுக்காடு பழுதுநிதிக்கும் செலுத்த வேண்டும். அச்செலவு அன்றைய 40,000 ரூபாயாயின், ஆண்டுக்கு ஒதுக்கு நிதி 100 ரூபாய். பழுதுநிதி 300 ரூபாய். இன்றைய சிமெண்டும் கம்பியும் இதற்கு வருமா? ஆகவே பொதுக்குழு கூடித் தனிவசூலுக்குத் தீர்மானிப்பதன்றி வேறு வழி அரிது.

எனவே பழைய பிளாட் வாங்குவோர் நான்கினைக் கேட்டறிக: மனையுரிமை சங்கத்தின் பெயரில் உள்ளதா? முப்பதாண்டு கடந்த கட்டடமாயின், மூன்றாண்டுக்கொருமுறை செய்யவேண்டிய உறுதிச் சோதனை நடந்ததா? நிதியில் இருப்பு எவ்வளவு? விற்பவர் வைத்த பாக்கி உண்டா? விலை மலிவென்று மகிழ்ந்து இவற்றை மறந்தால், பின்னர்ச் செப்பனிடும் செலவு அம்மலிவை விழுங்கிவிடும்.

இல்லம் வாங்குவோர் கூரையை மட்டும் வாங்குவதில்லை. அண்டையாரோடு கூடிய பொறுப்பிலும் பங்கு பெறுகின்றனர். பொதுக்குழுவுக்குத் தவறாது செல்வோமாக. வரிப்பணத்தைக் காலத்தில் செலுத்துவோமாக. கூடிக் கட்டியதைக் கூடியே காப்போமாக!