ஏரி வாரியமும் எழிலும்: பராமரிப்புக்கு ஒரு வரலாறு உண்டா?

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை அது. மு. கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்தார். அல்சூர்த் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்த நாளைத் தவறவிடுவதில்லை. அதற்கு முந்தைய மாதம், 2009 ஜூலையில், "எழில்" என்னும் தமிழ் நிரல்மொழி குறித்த முத்தையா அண்ணாமலையின் ஆங்கிலக் கட்டுரை ஆர்க்கைவ் களஞ்சியத்தில் ஏறியது. தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் அந்த நாளைத் தவறவிடுவதில்லை.

இரண்டும் தொடக்க நாள்கள். நம் வரலாற்றெழுத்தின் பழக்கம் இது: திறப்பு விழா பதிவாகிறது, அதற்குப் பின் நடந்த வேலை பதிவாவதில்லை. சிலைக்குப் பின்னால் கிடக்கும் ஏரியே இதற்குச் சான்று. அதை உண்டாக்கியவர் கெம்பே கவுடர் மரபினர் என்பர்; இன்றைய வடிவைத் தந்தவர் ஆணையர் லூயின் பௌரிங் என்பர். ஆக்கியவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்ல இருவர் இருக்கின்றனர். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோதுதான், இந்த ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நகரத்தின் காதில் விழுந்தது.

பழைய ஆவணங்கள் இவ்வகையில் நம்மைவிடத் தெளிவாக இருந்தன. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால் அந்த ஓலைகள் எதற்காக இடப்பட்டன என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டோருள் ஆறு பேர் ஏரி வாரியம். அவர்கள் ஆள்வதற்காக அன்று, ஏரியைப் பேணுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்றி, அவனுடைய உறவினருக்கும் குடத்தில் ஓலை இல்லை. பராமரிப்பு என்பது ஒரே குடும்பத்தின் கையில் தேங்கிவிடக் கூடாது என்ற அச்சம் அந்த விதியின் ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது.

இந்த அச்சம் மென்பொருள் உலகில் மறுபடி எழுந்த கதையே இங்குச் சொல்ல வேண்டியது.

மனிதன் எழுதும் நிரலை எந்திரம் இயக்கும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளைப் பாடநூல்கள் தொகுப்பி என்கின்றன, வழக்கில் கம்பைலர். நிரலை முழுதும் மாற்றி வைக்காமல், படிக்கப் படிக்க இயக்கிச் செல்வது இன்டர்பிரெட்டர். எழில் இரண்டாம் வகை. வகை எதுவாயினும் இரண்டுக்கும் ஒரே தலைவிதி. ஒரு முறை எழுதி முடித்தால் முடிந்துவிடுவதில்லை. கீழே சில்லு மாறும், இயங்குதளம் மாறும். மேலே மொழியின் தரநிலை மாறும். பக்கத்தில் எழுத்துக் குறியேற்றம் மாறும். தன்னுள் ஒரு வரியும் மாறாத தொகுப்பி பத்தாண்டில் பழுதாகிவிடும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி. இன்று கட்டற்ற தொகுப்பிகளுள் மூத்தவற்றில் ஒன்று. அதன் பிறப்பைவிடப் படிக்கத் தக்கது 1997ஆம் ஆண்டு. மாற்றங்களை ஏற்பதில் இருந்த தாமதமும் இறுக்கமும் பொறுக்காமல், பங்களிப்பாளர் பலர் பிரிந்து சென்று எக்ஸ் என்ற பெயரில் தனிக் கிளை தொடங்கினர். சண்டை தொழில்நுட்பம் பற்றியதன்று. யார் சரிபார்ப்பது, யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பது பற்றியது. 1999 ஏப்ரலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பிரிந்து சென்றவர்களையே அதிகாரபூர்வப் பராமரிப்பாளராக ஏற்றுக்கொண்டது, கிளை மரமாயிற்று. அது முதல் ஒரு வழிநடத்தும் குழு. கூடவே, எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, யார் எதை ஒப்புதலுடன் மட்டும் மாற்றலாம் என்று பெயர் பெயராக வரையும் ஒரு கோப்பு. வாரியப் பட்டியலை வாசித்தவர்களுக்கு அந்தக் கோப்பு புதிதாகத் தோன்றாது.

பெயர் இல்லாத பகுதிக்கு என்ன ஆகும் என்பதும் அங்கேயே தெரியும். மோட்டோரோலா 68000 என்பது 1979இல் வந்த சில்லு. வணிகத்தில் அதற்கு இன்று மதிப்பில்லை. ஜி.சி.சி. தன் உள்ளமைப்பில் பழைய முறையொன்றைக் கைவிட முடிவு செய்தபோது, புதிய முறைக்கு மாறாத சில்லுகளின் பகுதிகள் நீக்கப்படும் என்று அறிவித்தது. பழங்கணினி ஆர்வலர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, 2019இல் அந்த மாற்றத்தைச் செய்வித்துத் தங்கள் சில்லைக் காப்பாற்றிக்கொண்டனர். குடிமராமத்து என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்காலப் பயன்பாடு கிடைப்பது அரிது.

பைதான் மொழியின் கதை இன்னும் நெருக்கமானது. அதை ஆக்கிய கீடோ வான் ராசம் 2018 ஜூலையில் தலைமையிலிருந்து விலகினார். 2019 முதல் ஐவர் குழு. அதைப் பங்களிப்பாளர் தேர்ந்தெடுக்கின்றனர். ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளியில், உறவினர் என்ற இடத்தில் முதலாளி வந்திருக்கிறார். இதைச் சோழர்களின் தீர்க்கதரிசனம் என்று யாரும் பெருமை பேச வேண்டியதில்லை. பொதுச் சொத்தைப் பேணும் வேலை எங்கு நடந்தாலும் ஒரே நோய் வருகிறது, ஆகவே ஒத்த மருந்து தேடப்படுகிறது, அவ்வளவே.

எழில் இந்தப் பைதானின் மேல்தான் எழுப்பப்பட்டது. 2007 முதல் முத்தையா அண்ணாமலை அமெரிக்காவில் இருந்தபடி அதை உருவாக்கினார், ஜி.பி.எல். உரிமத்தில் பொதுவாக்கினார். மாணவர்க்கு அதைக் கற்பிக்கும் தமிழ் நூலை அவருடன் சேர்ந்து எழுதியவர், பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரிந்த எழுத்தாளர் என். சொக்கன். எழில் வெறும் சொல்மாற்று என்று நினைப்பவர்கள் இந்த ஐந்து வரிகளைப் பார்க்கலாம்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

ஆங்கில வழி மொழிகளில் "இஃப்" முன்னே நிற்கும்; இங்கே நிபந்தனை முன்னே, "ஆனால்" பின்னே. தமிழின் சொற்றொடர் அமைப்பு அப்படியே. "ஆனால்" இன்று பெரும்பாலும் எதிர்மறுப்புச் சொல்லாகிவிட்டது என்றாலும், "ஆயின்" என்ற பழைய நிபந்தனைப் பொருளை எழில் மீட்டெடுக்கிறது. இதனால் நிரலைப் பகுக்கும் பகுதிக்கு ஒரு சிறு சங்கடம் உண்டு: அடைப்புக்குறி திறக்கும்போது, வரப்போவது நிபந்தனையா சுழற்சியா என்று தெரியாது, மூடிய பின் வரும் சொல்லைப் பார்த்தே தெரியும். தமிழ் வாக்கியத்தை மொழிபெயர்க்கும் ஒவ்வொருவரும் அறிந்த காத்திருப்பு அது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை சுழலும் கட்டளைக்கு எழில் "வரை" என்ற சொல்லை வைத்தது. "எண் 10ஐ விடச் சிறிதாக இருக்கும் வரை" என்று நீட்டிப் படித்தால் சரி. ஆனால் @( எண் < 10 ) வரை என்று சுருங்கும்போது, அந்த நிலை வரும் வரை என்று தமிழ் மாணவன் எதிராகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. மாற்றிவிடலாமே என்றால் முடியாது. அச்சொல்லை வைத்து எழுதப்பட்ட நூலும் நிரல்களும் வெளியே உலவுகின்றன. சொல்லை மாற்றினால் அவை உடையும். படைப்பாளியின் ஒரு மாலை நேர முடிவு, பராமரிப்பாளருக்கு நிலையான கட்டுப்பாடாகிவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் சுமை இதைவிடப் பெரிது. யூனிகோடில் "தொ" என்பதை இரண்டு வகையாக அடைக்கலாம்: த என்பதோடு ஒகரக் குறியை ஒரே அலகாகச் சேர்க்கலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனி அலகாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. எழிலில் "தொடர்" ஒரு கட்டளைச் சொல். இரு வடிவையும் ஒன்றாக்கி ஒப்பிடாவிட்டால், சரியாக எழுதிய மாணவனுக்குப் பிழைச் செய்தி வரும். எங்கே பிழை என்று திரையைப் பார்த்து அவனால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. உரையில் சொற்களைத் தேடப் பைதானுடன் வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம், "சொல்லில் வரும் எழுத்து" என்ற வகைக்குள் தமிழின் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் சேர்ப்பதில்லை. அந்த வகையைக் கொண்டு "முடி" என்பதைத் தேடினால் ம, ட என இரண்டு துண்டுகளே கிடைக்கும். "கு" எத்தனை எழுத்து என்று கேட்டால் பைதான் இரண்டு என்னும். தொல்காப்பியம் படித்தவர் ஒன்று என்பார். இந்த இடைவெளியை அடைக்கும் வேலைகள் திரண்டு, எழிலோடு ஒட்டி வளர்ந்த ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தில் சேர்ந்தன. தமிழ் உரையை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் அதன் செயற்கூறு, நிரல்மொழி எதையும் தொடாத மொழியியல் மாணவர்க்கும் பயன்படுவது. பராமரிப்பின் கழிவாகப் பிறந்த நூலகம் என்று சொன்னால் தவறில்லை. வண்டல் வயலுக்கு உரமாவது போல.

இத்துடன் பைதானே மாறியது. 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு, உரையைக் கையாளும் முறையை அடியோடு மாற்றிற்று. பழைய இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. இடைப்பட்ட பதினோர் ஆண்டும், பைதானை நம்பிய ஒவ்வொரு திட்டமும் இரு படகில் கால் வைத்து நின்றது. பெரிய நிறுவனங்களுக்கு அதற்கென ஆட்கள் இருந்தனர். எழிலின் மாற்றப் பதிவேட்டில் பெரும்பகுதி ஒரே கை.

இங்கேதான் பல்கலைக்கழகங்கள் வெட்கப்பட வேண்டும். "தமிழின் முதல் நிரல்மொழி" என்ற பட்டத்தை யாருக்குச் சூட்டுவது என்பதில் கருத்தரங்குகள் காட்டிய ஆர்வம், எழுப்பியதைக் காப்பதில் இருந்ததில்லை. எழிலுக்கு முன்பே ஸ்வரம் என்ற முயற்சி இருந்தது. ஆகவே அந்தப் பட்டமும் நிற்பதன்று. ஓர் ஆய்வேட்டுக்காக எழுதப்படும் நிரல், வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாளே அனாதையாகிறது. ஏற்கெனவே இருக்கும் ஒன்றில் இருபது பிழைகளைத் திருத்தினேன் என்று ஆய்வேடு எழுதினால் ஏற்கும் துறை எது?

இந்தக் கேள்வியைப் பெங்களூர் ஒருமுறை உரக்கக் கேட்டதுண்டு. அதுல் சிட்னிஸ் முன்னின்று 2001இல் தொடங்கிய லினக்ஸ் பெங்களூர் மாநாடு, 2005இல் ஃபாஸ்.இன் ஆகி, 2012 வரை நடந்தது. கட்டற்ற மென்பொருளை இந்தியர் நிறையப் பயன்படுத்துகின்றனர், குறைவாகத் திருப்பித் தருகின்றனர் என்பது அதன் ஓயாத குறை. பிந்தைய ஆண்டுகளில் உரைகளோடு, பங்களிப்போர் கூடி அமர்ந்து நிரல் எழுதும் பட்டறைகளுக்கும் அது இடம் தந்தது. கேட்க வந்தவர்க்குச் சலிப்பாகவும், செய்ய வந்தவர்க்கு விருந்தாகவும் இருக்கக்கூடிய ஏற்பாடு.

வரலாற்று மாணவர்க்கு இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பழைய ஏரியைத் தூர்வாரிய கைகளின் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைக் கொடையாகச் சொல்கிறது. ஏரி அங்கே நிலத்துக்கு அடையாளம் மட்டுமே. தொகுப்பிகளின் நிலை அப்படியன்று. ஒவ்வொரு மாற்றமும், யார், எப்போது, ஏன் என்ற குறிப்புடன் பதிவாகிறது. ஜி.சி.சி. 2020 ஜனவரியில் கிட் முறைக்கு மாறியபோது, முப்பதாண்டுக்கு மேற்பட்ட பதிவுகளைப் பெயர் சிதையாமல் பெயர்த்தெடுப்பதற்குப் பல ஆண்டு உழைப்புத் தேவைப்பட்டது. படியெடுத்த கல்வெட்டுகளைப் பதிப்பிக்கும் பணியோடு ஒப்பிடத் தக்க வேலை. பராமரிப்பின் வரலாற்றை எழுத இத்தனை செறிவான மூலம் முந்தைய எந்த நூற்றாண்டுக்கும் வாய்க்கவில்லை.

அப்பதிவுகளில் நாளுக்கும் மணிக்கும் அடுத்து ஒரு சிறு குறி உண்டு: எழுதியவரின் கணினி எந்த நேர வலயத்தில் இருந்தது என்பது. இரவு பதினொன்றுக்கோ, ஞாயிறு காலையிலோ முடிந்த ஒரு திருத்தத்தின் பக்கத்தில் +0530 என்றிருக்கும். அல்சூரா, ஆத்தூரா, கொழும்பா என்று அது சொல்வதில்லை.